உறவுமுறை

கல்லறைத் தோட்ட ஆபீசில் படிவம் ஒரே பக்கம்தான்.
பெயர், வயது, பங்கு, இறந்த தேதி.
ஐந்தாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது:
ஏற்கெனவே அடக்கமானவருக்கு இவர் என்ன உறவு?

ஏற்கெனவே அடக்கமானவர் என் அப்பா ராயப்பன்,
ரங்கூனில் பிறந்தபோது ராமையா.
பதினேழு வருஷமாகக் காசிமேட்டு மணலில் இருக்கிறார்.
பதினாலு முடிந்தால் குழியைத் திறக்கலாம்,
சொந்தக்காரர் என்றால்.
புதுக்குழிக்கு இடமில்லை.

இவர் நிக்கோதிம் கெர்கெட்டா.
கும்லா மாவட்டம். இருபத்து மூன்று.
மணலிப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறை.
காண்ட்ராக்டர் போன் மூன்று நாளாக அணைந்திருக்கிறது.
ஊருக்குக் கொண்டுபோக வண்டிக்காரன் கேட்டது எழுபதாயிரம்.
கூட வேலை செய்த ஆறு பேர்
மஞ்சள் ஹெல்மெட்டில் போட்டு நீட்டியது
ஒன்பதாயிரத்து நானூறு.
அவர் அம்மா போனில் அழுததை ஒரு பையன் தமிழாக்கினான்:
"அங்கயே வச்சிடுங்க.
ஜெபம் மட்டும் எங்க பாஷையில."

நான் வியாசர்பாடிப் பங்கில் கணக்கெழுதுகிறவள்.
அரிசி டோக்கன், திருமண ஓலை, மின்கட்டணம்.
எல்லாக் கட்டத்துக்கும் ஏதாவது எழுதத் தெரியும் எனக்கு.

அறுபத்து நாலில் கப்பல் இறக்கிவிட்டபோது
அப்பாவுக்குப் பதினாறு.
இடுப்பில் செல்லாமல் போன பர்மா நோட்டு.
இங்க யாரு இருக்காங்க உனக்கு, என்றார் அதிகாரி.
யாருமில்லாதவர்களுக்கு வேறு வரிசை, வேறு ரயில்.
பால் பவுடர் மூட்டை இறக்க வந்திருந்த இத்தாலிக்காரர்,
பிரதர் பெர்னாசோனி,
தாடியெல்லாம் வெள்ளைத் தூளோடு நடுவில் புகுந்து
ரிஜிஸ்தரை இழுத்து
உறவு என்ற இடத்தில் எழுதினாராம்:
"தம்பு."

கொம்பும் சுழியும் பிடிபடாத தமிழ்.
அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.
அந்த எழுத்துப்பிழைக்குள்
அப்பா நாற்பத்து நாலு வருஷம் குடியிருந்தார்.
காலனியில் அவர் பெயரே தம்பு அண்ணன்.

சாமிமார்களை நான் சம்மனசு என்று எழுதமாட்டேன்.
பட்டியலில் பெயரில்லை என்று
நொய்க்கஞ்சிக் கதவை இதே பிரதர்
முகத்தில் சாத்திய நாளும் உண்டு.
இரண்டு கிளாஸ் உள்ளே போனபிறகு
அப்பா அதையும் சொல்வார்.
மூட்டைத் துணியில் தைத்த டவுசர்,
பின்பக்கம் கைகுலுக்கும் இரண்டு கை.
பள்ளிக்கூடத்தில் பால்மாவு வேதக்காரன் என்றார்கள்.
ராமையா ராயப்பன் ஆனது பதினோரு வருஷம் கழித்து,
யாரும் கேட்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை.
அம்மா கடைசிவரை பெரியபாளையத்துக்காரிதான்.
அவள் சாம்பல் கடலில்.
இன்னொன்றும் இருக்கிறது:
செத்தவர்களுக்கு நடுவே சாதிச்சுவர் எழுப்பிய ஊர்களும்
இதே சபையில்தான் உண்டு.
அங்கேயும் ஒரு படிவம் இருந்திருக்கும்.

"இன்னாக்கா, எய்திட்டியா? வெயில் ஏறுது,"
வெளியே மண்வெட்டியோடு தாவீது.

எழுதினேன்.

ஆபீஸ்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.
"எழுத்துப்பிழை இருக்கும்மா."
"இல்ல சார்."
அவர் மேலே கேட்கவில்லை. பசியோ என்னவோ.
முத்திரையை மட்டும் இரண்டு தரம் ஊதிக் குத்தினார்.

ஆறு பேர் அவர்கள் பாஷையில் ஜெபித்தார்கள்.
எனக்குப் புரிந்தது மரியா என்ற ஒரு சொல்,
அதுவும் சுருதி மாறி.
துறைமுகக் கண்டெய்னர் லாரிகள்
ஹாரனை நிறுத்தவில்லை.

தாவீது எலும்புகளைப் பொறுக்கி
வெள்ளைத் துணியில் முடிந்து
கால்மாட்டு மூலைக்குத் தள்ளி வைத்தான்.
அப்பாவுக்கு அது கஷ்டமாயிருக்காது.
கப்பலின் கீழ்த்தட்டில்
எழுநூறு பேரோடு படுத்து வந்தவர்.
ஒருக்களித்துக்கொள்ளத் தெரியும்.