தள்ளுபடி

வில்லியனூர் ரோட்டில் எங்கள் கல் கடை.
நான் பில் போடுகிறவள்.
ரம்பம் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்து
வெள்ளைச் சேறாகத் துப்பும்.
மதியச் சோற்றில் அதன் ருசி கொஞ்சம் இருக்கும்.

மாசியில் வந்த லாரியில் பதினோரு பலகை.
பத்து, பால் வெள்ளை.
பதினொன்றாவதைப் பிரித்ததும்
சோஹன்லால் சேட் தலையில் கை வைத்தார்.
ஒரு ஓரம் பளிங்கு.
மறு ஓரம் புள்ளி போட்ட கிரானைட்.
நடுவில் நாலு விரல் அகலத்துக்கு
பச்சையும் செம்பழுப்புமாய் ஏதோ
கொட்டிக் காய்ந்த மாதிரி.

கோரிமேட்டில் வீடு கட்டும் அமலோற்பவம் டீச்சர்
குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
"கறைம்மா இது."
காலாப்பட்டில் இரண்டு வருடம் படித்தது
தொண்டை வரை வந்தது.
"கறையில்லை டீச்சர், கார்னெட்."
"கார்மெண்டா?"
விலைப்பட்டியலை எடுத்து நீட்டினேன்.

அவரிடம் சொல்லாமல் விட்டது இது:

சுண்ணாம்புக் கல் அதுபாட்டுக்குக் கிடந்தது,
எந்தக் கடலின் அடி மண்ணோ.
கீழிருந்து நெருப்புக் குழம்பு ஒன்று ஏறி வந்து
பக்கத்திலேயே தங்கிவிட்டது.
ஆற அதற்கு அவசரமில்லை,
ஆயிரம் ஆயிரம் வருடம் எடுத்துக்கொண்டது.
சுண்ணாம்பு உருகவில்லை.
பரீட்சையில் இதை நான் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.
கல்லாக இருந்தபடியே
உள்ளே எல்லாவற்றையும் இடம் மாற்றிப் போட்டது.

தள்ளி இருந்த பகுதி
மணி மணியாய்த் திரண்டு பளிங்கானது, அவ்வளவுதான்.
கொஞ்சம் கிட்டே இருந்தது
தன் காற்றை வெளியே விட்டது.
எதிர்க்கடையில் கோலி சோடாவுக்குள் அடைக்கிறார்களே, அதே காற்று.
காலியான இடத்தில் மணல்சத்து வந்து உட்கார
வெள்ளை நார் நாராய் வொலாஸ்டனைட்.
அப்புறம் டையாப்சைடு, குளத்துப் படிக்கட்டின் பச்சை.
நெருப்போடு தோள் உரசி நின்ற இடத்தில் மட்டும்
வெல்லப்பாகு முற்றிய நிறத்தில் கார்னெட்.
ராகுவுக்கென்று ஜோசியர் மோதிரத்தில் போடச் சொல்லும்
கோமேதகம் இதற்குப் பங்காளி.
சாதாரண நாளில் சந்தித்திருந்தால்
சுண்ணாம்பும் கிரானைட்டும் சேர்ந்து
இப்படி ஒன்றைப் பெற்றிருக்காது.

பலகை மழையில் மூன்று மாதம் சாய்ந்து நின்றது.
எச்சில் துப்பினார்கள். சாக்கு காயப்போட்டார்கள்.
ஒரு நாள் சேட் சொன்னார்:
"தள்ளுபடி போடு, பாதி விலை."
"யார் பேருக்கு?" என்று நானே கேட்டு
என் பேரையே எழுதினேன்.

முத்தியால்பேட்டை வீட்டுக்கு டாட்டா ஏஸில் வந்தது.
ஸிங்க் ஓட்டைக்கு வெட்டியதில்
பச்சையில் பாதி போயிற்று.
மேஸ்திரிக்கு அதில் வருத்தமே இல்லை.
மீதியின் மேல் வெங்காயம் நறுக்குகிறேன்.
புளித்தண்ணீர் சிந்தினால் உடனே துடைக்கிறேன்,
பளிங்குப் பக்கத்தை அது தின்றுவிடும்.
கார்னெட்டுக்குக் கவலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி
கலியவரதன் தோசை சுட்டார்.
துணி நழுவிப் பிடி சுட்டுவிட
தோசைக்கல்லை அப்படியே மேடையில் இறக்கினார்.
கல்லின் மேல் கல்.
"ஐயோ, உன் கல்லு!"
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
இது பட்ட சூட்டுக்கு முன்னால்
உங்கள் தோசைக்கல் எந்த மூலைக்கு?
சிரித்தபடியே ஆறின தோசையைத் தின்றேன்.
அவருக்கு மட்டும் இறங்கவில்லை.

காலையில் உப்பு ஜாடி இடம் மாறியிருந்தது.
தூக்கிப் பார்த்தேன்.
மங்கலாய் ஒரு வட்டம்,
பாதி பளிங்கில், பாதி கார்னெட்டில்.
கல்லுக்கு ஒன்றுமில்லை.
பளபளப்புக்காகக் கடையில் பூசுவோமே ஒரு பிசின்,
அதுதான் கருகியிருக்கிறது.

ஜாடியை
பழைய இடத்திலேயே வைத்தேன்.
வட்டம் தெரியட்டும்.