அழிக்காண்டாம்

கருங்கல் சந்தை முக்கில்
செருப்புக் கடையை ஒட்டி ஒரு சின்ன ஸ்டூடியோ.
பதினொரு வருடமாக அங்கே உட்கார்ந்து
மவுஸால் முகம் துடைக்கிறேன்.
கல்யாண ஆல்பம் என்றால்
பெண்ணுக்கு மட்டும் முந்நூறு சொடுக்கு.
நெற்றியிலிருந்து நல்ல தோலைக் கிள்ளி
கன்னத்துக் குழியில் ஒட்டுவேன்.
யாருக்கும் வலிக்காது.

பெர்ஜின் முதலில் வந்தது
பத்தாம் வகுப்புப் பரீட்சைப் படத்துக்கு.
தரையைப் பார்த்துச் சொன்னான்:
"மொகக்குருவ எடுத்துருங்கக்கா."
எடுத்தேன். நாற்பத்திரண்டு.
யாரோ ஒரு பையனைப் பார்ப்பதுபோல்
தன் படத்தைப் பார்த்தான்.
மீதிச் சில்லறை வாங்காமல் போனான்.

மறுவருடம் வந்தபோது
முகம் முழுக்கச் சிவந்து மினுங்கியது.
அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும்.
மெடிக்கலில் சீட்டில்லாமல் கிடைக்கும் வெள்ளை டியூப்.
முதல் வாரம் கண்ணாடி நம்மோடு பேசும்.
பிறகு வெயில் பட்டாலே எரியும்,
நிறுத்தினால் இரட்டியாய் முளைக்கும்.
மூன்று டியூப் தேய்த்தவள் நான்.
சொல்லியிருக்கலாம்.
"அறுபது ரூபா" என்று மட்டும் சொன்னேன்.

எனக்குப் பதினாறில்
சொன்னவர்களுக்குக் குறைவில்லை.
நிலக்கடலை தின்னாத.
மூஞ்சிய ஒழுங்காக் கழுவு.
(நாளைக்கு ஆறு தடவை கழுவினேன்.)
கல்யாணம் ஆனா தன்னால போவும்.
பேஸ்ட் காய்ந்த பொட்டுகளோடு தூங்கினேன்.
கோயில் கொயரில் நல்ல குரல் எனக்கு,
தூணுக்குப் பின்னால் நின்று பாடினேன்.
நகம் இருந்தது.
கதவை அடைத்துக்கொண்டு
ஒவ்வொன்றாய்ப் பிதுக்கினேன்.

அப்பாவுக்கு ரப்பர் வெட்டு.
பட்டையைத் தாண்டிக் கத்தி தடியில் பட்டால்
முண்டும் முடிச்சுமாய் ஆறும் மரம்,
அந்த இடத்தில் மறுபடி கத்தி ஓடாது.
கை நடுங்கும் என்று
காய்ச்சல் நாளில் அவர் தோட்டத்துக்குப் போகமாட்டார்.
மரத்துக்கு இத்தனை கவனம் இருந்த வீட்டில்
என் நகத்தை யாரும் பிடித்து நிறுத்தவில்லை.

இந்த மார்ச்சில் மறுபடி பெர்ஜின்.
ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து
தாடையைத் தானே திருப்பினான்.
"நேரே ஒண்ணு, சைடு ரெண்டு.
ஒண்ணும் அழிக்காண்டாம்.
ஆசாரிபள்ளத்துல தோல் டாக்டரு
மாசாமாசம் எடுத்து வைக்கச் சொன்னாவ.
எங்கூட்டுப் போன் பொய் சொல்லுதுக்கா,
தன்னால வெளுப்பாக்குது."

பிரிண்டர் சூடாகும்வரை பேசினான்,
பஸ் நேரம் சொல்வதுபோல், வெட்கமில்லாமல்:
"அழுக்குனால இல்லியாம்.
எண்ண ஊறுத வாயி உள்ள அடைஞ்சு போவுதாம்.
ராத்திரி ஒரு பட்டாணி அளவு மருந்து,
குரு மேல மட்டும் இல்ல, மூஞ்சி முழுக்க.
மொத மாசம் கூடுனாலும் கூடும், விட்டுராதன்னாவ.
தடம் விழுமுன்ன பிடிக்கணுமாம்."

விரல் பழக்கத்தில் அந்தக் கருவிக்குப் போனது.
இழுத்துக்கொண்டேன்.
முகம் இருந்தபடியே அச்சில் வந்தது,
மூக்கோரத்து மஞ்சள் மொட்டுகளோடு.
வலத் தாடையில் ஒரு குழி.
அதற்கு மட்டும் அவன் பிந்திவிட்டான்.

ஏப்ரலில் நாற்பத்தெட்டு.
அவன் முகம் சுண்டியது, என் வயிறு கலங்கியது.
மே, முப்பத்தொன்று.
ஜூன் மழையில் நனைந்து வந்தான், பதினேழு.
எண்ணச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்
தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு
ஆசாரிபள்ளத்துக்கு பஸ் ஏறினேன்.
தோல் பிரிவு வராந்தாவில் நீள வரிசை.
முன்னால் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை
ஷாலை மூக்குவரை ஏற்றியிருந்தாள்.
என் பையில் ஒரு கவர்,
நேரே ஒன்று, சைடு இரண்டு,
கடை அடைத்த பிறகு டைமர் வைத்து எடுத்தது.
குழி எவ்வளவு நிரம்பும் என்று தெரியாது.
தாடையில் இன்னும் புதிதாய் முளைக்கிறதே,
அதையாவது.

சீட்டு எழுதுகிறவள் நிமிராமல் கேட்டாள்,
"எத்தன வருசமா இருக்கு?"

விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.