இரண்டிலொன்று

சுங்கை சிப்புட்டில், முடிதிருத்தகத்துக்கு மேல்மாடியில்
ஒரு நுண்ணோக்கி, ஒரு மேசை விளக்கு,
மைலோ டின்னில் ஊசிகள்.
கீழே கத்தரிக்கோல் சத்தம்.
மேலே நான்
ஐந்து மில்லிமீட்டர் உயிரொன்றின் காலைக் கழற்றுகிறேன்.

முதலில் கண்டவர் செங்கோடன்,
கல்லுடைப்பு ஆலையில் லோரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவர்.
"எறா குஞ்சு மாதிரி இருக்கு டாக்டர், ஆனா வெள்ளை.
டார்ச்சு அடிச்சாலும் ஓட மாட்டேங்குது."
நான் டாக்டர் இல்லை.
இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை, செம்பனை வரிசை முடிகிற இடத்தில்
மோட்டாரைச் சாய்த்துவிட்டு வயிற்றால் ஊர்ந்தோம்.
வௌவால் எச்சத்தின் காரம் தொண்டைவரை.
பழைய காலுறையில் நெத்திலி முடிந்து
சொட்டுநீர்க் குட்டையில் இறக்கி
விளக்கணைத்து நாற்பது நிமிடம்.
கையை ஆட்டினால்
ஆடுகிறது என்று நம்பத்தான் வேண்டும்.

வந்தன. பதினொன்று.
பக்கவாட்டில் நசுங்கிய உடல், கஞ்சித்தண்ணி நிறம்,
உடம்பைவிட நீண்ட உணர்கொம்பு.
கண் இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் வழவழப்பு.

வகைப்பாட்டு நூல் இரண்டிரண்டாகத்தான் கேட்கும்:
கண் உண்டெனில் நான்காம் எண்ணுக்குப் போ.
இல்லையெனில் ஒன்பதுக்கு.
வால்நுனி பிளந்ததெனில் பதினொன்று,
பிளவில்லையெனில் பதினாறு.
பதினாறில் போய் நின்றேன்.
அங்கே எழுதியிருந்த எதுவும் இதுவல்ல.
மறுபடி ஒன்றிலிருந்து.
மூன்று மாதம்.
பற்றுக்காலின் உள்விளிம்பில்
ஏழு முள்ளா எட்டா என்று தூக்கத்திலும் எண்ணினேன்.
எட்டு. ஆணுக்கு மட்டும் எட்டு.
புதுசு.

புதுசு நமக்குத்தான்.
கித்தா வருமுன், ஈயம் வருமுன்
அது பாட்டுக்கு அங்கே இருந்திருக்கிறது.

அனுமதிப் படிவத்தில் ஒரு கட்டம்:
சேகரித்தவர் பெயர், அடையாள அட்டை எண்.
செங்கோடன் சட்டைப்பையிலிருந்து எடுத்தது சிவப்பு அட்டை.
லயத்தில் பிறந்தவர். பத்திரம் எடுக்க யாரும் போகவில்லை.
பதிவிலாகாவிலும் இரண்டிரண்டாகத்தான் கேட்பார்களாம்:
பிறப்புப் பத்திரம் உண்டெனில் மூன்றாம் முகப்பு.
இல்லையெனில் சாட்சியோடு வா.
"சாட்சி செத்துப்போச்சு டாக்டர்."
ஐம்பத்திரண்டு வயது.
இன்னும் ஒன்றாம் எண்ணில் நிற்கிறார்.

"உங்க பேரையே வெச்சிரட்டுமா?"
கயிறு அறுத்த உள்ளங்கையைத் தேய்த்தபடி சிரித்தார்.
"அதுக்குக் கண்ணே இல்ல,
எம்பேர எங்க படிக்கப்போவுது?
ஊர் பேர வைங்க."
கொஞ்ச நேரம் கழித்து அவரே,
"சிப்புட்டுன்னா நத்தைல்ல? வேணாம்.
பின்னால வர்றவன் குழம்பிடுவான்."

நகமளவு தாள் வெட்டினேன். கறுப்பு மை.
குகை, குட்டை, தேதி.
சேகரித்தவர்: செங்கோடன்.
குப்பிக்குள் போகிற தாளில் எண்ணுக்கு இடமில்லை.
சாராயத்தில் எழுத்து கலையவில்லை.

மாலை ஐந்துக்கு மலையில் வெடி வைத்தார்கள்.
அவர்தான் கட்டி அனுப்புவார், நாளைக்கு ஆறு லோரி.
கண்ணாடித் தகட்டில் கிளிசரின் நடுங்கியது.
கடைசி முள் ஒரு கணம் இரண்டாகத் தெரிந்தது.
ஒன்பதா?

விளக்கை இழுத்துவைத்து மறுபடி எண்ணினேன்.
எட்டுதான்.