யார் செத்தது?

கீரைக்கட்டு பதினாறு, முட்டை பத்து அட்டை,
குடிதண்ணீர் கேன் நாற்பது.
கோர்ட் பிடித்து வைத்திருக்கிற கப்பலுக்கு.
மூன்று முறை பெயர் மாற்றிய கப்பல் அது,
பெயின்டுக்கு அடியில் பழைய பெயர்கள்
அம்மைத் தழும்பாய்ப் புடைத்திருக்கும்.

சாக்கு வாங்க ஏணிக்கு வருகிறவன் எலுவா.
ஊர் குவாதலூப் என்றான்.
என் வாயில் நுழையாததால்
தீவு என்று வைத்துக்கொண்டேன்.
எட்டு மாதச் சம்பளம் பாக்கி,
பாஸ்போர்ட் யாரோ ஏஜென்ட் பீரோவில்.
கையைக் குவித்து வாயருகே வைத்து
மே இருபத்தேழுக்கு வேண்டும் என்றான்.
பீடி என்று நினைத்து நீட்டினேன்.
தலையாட்டிவிட்டு
கன்னத்தை உப்பிக் காட்டினான்.

சங்கு.

தப்பி ஓடியவர்கள் மலைக்கு மலை
சங்கூதித்தான் சேதி விட்டார்களாம்.
அடிமை ஒழிந்த நாளில் அவன் தெருவில்
பொடிப் பையன்கூட ஊதுவானாம்.

எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் சங்கு இரண்டு.
ஒன்று ஆலைச் சங்கு. ஆலையே இல்லை இப்போது.
மற்றது கஜபதியினுடையது, சாவுக்கு.
"பொணம் இல்லாம ஊதுனா ஆவாதுப்பா,
எவன் தலையிலயாவது போய் குந்திக்கும்."
ஒரு குவார்ட்டருக்கு இறங்கி வந்தான்.

தடைக்காலம். காசிமேட்டில் லாஞ்சுகள்
விலாவோடு விலா உரசிக் கட்டிக் கிடந்தன.
ராத்திரி எட்டுக்கும் கத்திரி வெயிலின் சூடு
சிமெண்டில் மிச்சம் இருந்தது.
பாஸ் பத்து மணி வரைதான்.
எலுவா சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
எங்களுடையதற்கு உதடு ரோஜா நிறம் என்றான்.
முதலில் எச்சில்தான் வந்தது. பிறகு காற்று.
பிறகு

கஜபதி இழுக்கிற இழுப்பு இல்லை அது.
துண்டு துண்டாக,
ஒவ்வொன்றுக்கும் பதிலுக்குக் காத்திருந்து.

வாரிய வீடுகளில் லைட் எரிந்தது.
மூன்றாம் மாடியில் தேசம்மா
பாதி பின்னிய தலையோடு எட்டிப் பார்த்து,
உள்ளே ஓடி,
படுத்த படுக்கையான புருஷன் மூக்கில் விரல் வைத்துவிட்டு,
திரும்ப வந்து கத்தினாள்:
"யாரு பூட்டது?"

"யாரும் இல்லக்கா. இவன் ஊர்ல
அடிமைங்கள அவுத்து வுட்ட நாளு."
"எப்போ?"
"நூத்தி எழுவது வருஷத்துக்கு மேல ஆவுது."
"அதுக்கு இன்னிக்கா ஊதறான்?"
கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.
"சரி ஊதச் சொல்லு. மெதுவா."

ஊதி முடித்து, உடைந்த இங்கிலீஷில், கடலைப் பார்த்துச் சொன்னான்.
விடுதலையானவர்களில் பலர் கரும்பைத் தொடவில்லை.
அதனால் இந்தக் கரையோரம் ஆள் பிடித்தார்கள்.
ஐந்து வருஷம் என்று கைநாட்டு.
கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்று
அவன் கொள்ளுத்தாத்தாவின் அப்பன்
படகு இறங்கும்போது கல் எறிந்தானாம்.
சொல்லிவிட்டு, மனைவியின் வீட்டுப் பெயரைச் சொன்னான்,
முத்துசாமியை மென்று துப்பின மாதிரி இருந்தது.
இரண்டு பேரும் சிரித்தோம்.
அவனுக்குத்தான் முதலில் சிரிப்பு நின்றது.

"அட்வான்ஸ் குடுத்தாங்களா?" என்றேன்.
வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.
தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வாங்கின எண்பதாயிரம்
நாலு வருஷமாகக் கழிந்து கழிந்து
முதலாளி நோட்டில் ஒரு லட்சத்துப் பத்து.
என் ஆதார் அவர் மேசை இழுப்பறையில்.

சங்கை என்னிடம் நீட்டினான்.
ஊதினேன். சுண்டெலி கத்தினாற்போல் ஏதோ வந்தது.
ஒரு நாய் மட்டும் காதைத் தூக்கியது.

ஒன்பதே முக்காலுக்குத் துறைமுக கேட்.
காவலாளி பாஸை வாங்கிக்கொண்டான்,
முகத்தில் டார்ச் அடித்தான்.
எலுவா திரும்பிச் சொன்னான்,
நாளைக்குக் கீரை வேண்டாம், அரிசி போதும்.

காலையில் குழாயடியில் தேசம்மா
குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.
"இன்னாடா, அந்தாள
அவுத்து வுட்டுட்டாங்களா?"

எந்தாள, என்றேன்.