இரண்டு விரல் தூரம்

இடுப்புக்கு மேலே, தோலுக்குக் கீழே
தீப்பெட்டி அளவில் ஒன்று எனக்குள் இருக்கிறது.
முள்ளந்தண்டோடு நாள் முழுக்க ஏதோ பேசும்.
அது பேசும்வரை வலியின் குரல் எடுபடாது.

ஞாயிறு மாலை அதற்குச் சாப்பாட்டு நேரம்.
பட்டியைக் கட்டி, வட்டை முதுகில் பொருத்துவேன்.
கம்பி இல்லை, துளை இல்லை.
வெளியே ஒரு செப்புச் சுருள், உள்ளே ஒன்று,
நடுவில் இரண்டு விரல் கனத்துக்கு நான்.
கொஞ்சம் சரிந்தாலும் கீச்சிடும்.
பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
பதினாறு வருடம் பெட்டி அடுக்கிய முதுகு,
நேராய் இரு என்றால் எப்படி இருக்கும்?

ஒன்றரை மணித்தியாலம்.
தோல் இளஞ்சூடாகும்,
யாரோ எழுந்துபோன நாற்காலி மாதிரி.

கடை வாசலில் திருட்டுக்கு நிற்கும் கம்பங்களைத் தாண்டினால்
முதுகில் எறும்பு ஊரும்.
தள்ளுபடியில் வந்த கண்ணாடி அடுப்பை
டாக்டர் வேண்டாம் என்றார்.
அதற்குள்ளும் சுருளாம்.

குணாளன் ஒருநாள் கணக்குப் பார்த்தார்:
நான் ஒரு கிழமை நிமிர்ந்து நடக்க ஆகும் மின்சாரத்தில்
ஒரு கேத்தில் தண்ணீர்கூடக் கொதிக்காதாம்.
சொல்லும்போது அவருக்கு அப்படியொரு பெருமை.
அறையை விட்டு நான் வெளியேறும் முன்னே
விளக்கை அணைக்கிற மனிதர்.
படுக்கப் போகுமுன் வீட்டுச் செருகிகளை
ஒவ்வொன்றாய்ப் பிடுங்குவார்,
சாமி கும்பிடுகிற ஒழுங்கில்.

ஒரு சனி இரவு என் சார்ஜருடையதையும்.
ஞாயிறு எடுத்துப் பார்த்தால் வெறும் ஓடு.
நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டது என் பிழை.

செவ்வாய் காலை, ரயில் நிலையப் படி,
பதினோராவதிலோ பன்னிரண்டாவதிலோ
பேச்சு நின்றது.
வெளியே நிறுத்தியிருந்தவர்கள் எல்லோரும்
ஒன்றாய் உள்ளே வந்தார்கள்.
என் பையைத் தாங்கிப் பிடித்த பெண்
பிரெஞ்சில் என்னவோ கேட்டாள்,
நான் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டில் நான் ஏசவில்லை.
ஏசியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்றிரவு பட்டி வேண்டாம் என்றார்.
வட்டை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு
கீச்சிடாத இடத்தைத் தேடினார்,
இடம், வலம், கொஞ்சம் மேலே.
கிடைத்ததும் அசையாமல் இருந்தார்.
"மூச்சு விடுங்கோ" என்றேன்.
வேறு கதையில்லை.

மறுநாள் காலை சுவரில் பார்த்தேன்.
அந்த ஒரு செருகி மட்டும் இருந்தது.
அதன்மேல் ஒட்டுநாடா,
பேனாவால், கொட்டை எழுத்தில்:
'பிடுங்காதே.'

எங்கள் வீட்டில்
செருகி பிடுங்குகிற ஆள்
ஒருவர்தான்.