போகப் போகத் தெரியும்

ஐம்பத்திரண்டு வயதில் இது மூன்றாவது வேலை.

பால் தொழிற்சாலையில் முதல் நாள்
வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கையில் திணித்து
"போகப் போகத் தெரியும்" என்றார்கள்.
தெரிந்தது.
எந்தக் குழாய் எந்தத் தொட்டிக்கு என்று,
பதினோரு மாதம் கழித்து,
நான் கொட்டிய தயிரை
நானே வழித்துக்கொண்டிருந்தபோது.

காப்பீட்டு அலுவலகத்தில்
"உங்களுக்குத் தெரியாததா" என்றார்கள்.
எனக்குத் தெரியாததுதான்.
தெரியாது என்று சொல்ல அனுமதி
முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது.
அப்புறம் ஆறு வருஷம் தலையாட்டினேன்.

இப்போது, கடல் உறைந்த பிப்ரவரியில்,
ஹியுமா தீவுக்குப் போகும் பனிச்சாலைக்குக் காவல்.
கரையில் ஒரு தகரக் குடில்,
ஒரு தடுப்புக் கம்பி,
மைனஸ் பதினாறு.

ஷிஃப்டுக்குப் பொறுப்பு ரேலிகா.
என் மகளைவிட இரண்டு வயது சின்னவள்.
கையுறையைக் கழற்றி விரல்விட்டுச் சொன்னாள்:
இரண்டரை டன்னுக்கு மேல் அனுப்பாதீங்க.
ஒரு வண்டிக்கும் அடுத்ததுக்கும் மூன்று நிமிடம்.
கடிகாரத்தைப் பாருங்க, வரிசையைப் பார்க்காதீங்க.
வேகம் இருபத்தைந்துக்குக் கீழே
இல்லையென்றால் நாற்பதுக்கு மேலே.
நடுவில் கூடாது.
சீட் பெல்ட்டைக் கழற்றச் சொல்லுங்க.
வழியில் யாரும் நிற்கக் கூடாது,
போட்டோ எடுக்கக்கூட.

ஏன் நடுவில் கூடாது என்றேன்.
இது கேட்கிற வயசா என்று அவள் பார்க்கவில்லை.
"வண்டிக்கு அடியில் தண்ணீர் அலையாகும்.
அந்த வேகத்தில் அலையும் வண்டியும் சேர்ந்தே ஓடும்.
பனி தாங்காது."
பெல்ட்?
"உடைந்தால் வெளியே வர வேண்டாமா?"

பிறகு, திருப்பிச் சொல்லுங்க என்றாள்.
சொன்னேன். எடையில் தப்பினேன்.
முதலிலிருந்து, என்றாள்.

கூசும் என்று நினைத்திருந்தேன்.
யாரோ என் கோட்டுப் பொத்தானைக்
கழுத்துவரை போட்டுவிட்டது போல இருந்தது.

மறுநாள் காலை, நான் தனியாக.
நீலக் கார். பின்சீட்டில் குழந்தை,
நான்கு பட்டை போட்டு இறுக்கிய இருக்கையில்
ஒரு ரொட்டித் துண்டைச் சப்பிக்கொண்டு.
எல்லாப் பட்டையையும் அவிழ்க்க வேண்டும் என்றேன்.
அப்பாக்காரர் திரும்பிப் பார்த்தார்.
"குழந்தைக்குமா?"

அதை அவள் சொல்லவில்லை.
அதை நான் கேட்கவில்லை.
நாற்பது வருஷப் பழக்கம்
தலையாட்டச் சொல்லி என் கழுத்தைப் பிடித்து அழுத்தியது.
போகப் போகத் தெரிந்துகொள்ள
இங்கே அடியில் தரை இல்லை.

வாக்கி டாக்கியை எடுத்தேன்.
எனக்குத் தெரியாது, ரேலிகா, என்றேன்.
குழந்தையின் பட்டை?
கரகரப்புக்குள்ளிருந்து
தாமதமே இல்லாமல்:
"அதையும்தான். அம்மா மடியில் வைத்துக்கொள்ளட்டும்.
பக்கத்துக் கதவு பூட்டாமல்."

சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.
பட்டைகள் ஒவ்வொன்றாய் விடுபடும் சத்தம்.
கம்பியைத் தூக்கும்போது
"பார்த்துப் போங்க" என்று நாக்கு நுனிவரை வந்தது.
எதைப் பார்த்து?
விழுங்கிவிட்டு
"இருபத்தைந்துக்குக் கீழே" என்றேன்.

மூன்று நிமிடம்.
நீலம் வெள்ளையில் சின்னதாகி,
புள்ளியாகி,
அந்தப் பக்கத்துக் குடிலிலிருந்து குரல் வந்தது:
வந்து சேர்ந்தாச்சு.

சர்க்கரை எங்கே இருக்கிறது என்று மட்டும்
யாரும் சொல்லவில்லை.
இரண்டு நாளாய்க் கசந்த தேநீரைக் குடிக்கிறேன்.
அடுத்த வண்டி போனதும் கேட்டுவிட வேண்டும்.