பத்து நாற்பத்திரண்டு

ரத்தம் என்பது தங்கப்பாகும் சிவப்புச் சாயமும்
கொஞ்சம் கோகோத் தூளும்.
நோம்சா அதைக் கிண்ணத்தில் கலக்கி
என் தொடையில் ஊற்றும்போது
"ருசி பார்த்துவிடாதே" என்கிறாள்.
நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

மியர்பேங்க் எண்ணெய் ஆலையின் காற்று
நாள் முழுக்கத் தும்மும் பயிற்சித் திடல்.
நடுவில் கவிழ்ந்து கிடக்கிறது ஒரு டாக்சி,
இங்கே உண்மையாய் விபத்தில் சிக்கியது அது மட்டும்தான்.
உள்கண்ணாடியில் இன்னும் தொங்குகிறது
வாசனை போன பைன்மர அட்டை.

எட்டுப் பேர் படுத்திருக்கிறோம். நான் ஏழாம் எண்.
கூலி நூற்றைம்பது ராண்டு,
மதியத்துக்குக் கால் ரொட்டி பன்னி சௌ.
முதல் சுற்றில் என் மணிக்கட்டில் கறுப்புச் சீட்டு.
கறுப்பு என்றால் தாண்டிப் போகலாம்.

பாகுக்கு எறும்பு வந்தது.
முழங்காலில் ஏறி யோசித்து
மேலே போகத் தீர்மானித்தது.
செத்தவள் சொறியக் கூடாது.
காதோரம் பூட்ஸுகள் ஓடின; ஒரு ஜோடி நின்றது.
தாடையை நிமிர்த்தி, மூக்கருகே கன்னம் வைத்து,
மூச்சு இல்லை என்று முடிவுகட்டி
விதிப்படி எழுந்து போயிற்று.
நன்றாகச் செத்தாய் என்று
பிறகு என்னைப் பாராட்டினார்கள்.

இரண்டாம் சுற்றில் சிவப்பு.
தொடை நாளம் அறுந்தவள் கத்த வேண்டும்,
போகப் போகக் கத்தல் குறைய வேண்டும்,
குறைவதை அவர்கள் கவனிக்க வேண்டும்.
என்னிடம் வந்தவன் கிரீசன்,
மடிப்பு கலையாத புதுச் சீருடை.
பட்டியைச் சுற்றிக் குச்சியைத் திருகினான்.
ஒன்று. ஒன்றரை.
என் முகம் சுளித்தது.
"சாரி, ஆன்ட்டி" என்று
அரைச் சுற்றைத் திருப்பிவிட்டான்.

கேப்டன் ஷெஸி என் பாதத்தின் மேல்
இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள்.
"துடிக்கிறது."
பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள், எங்களையல்ல.
"மூன்று நிமிடம் ஆயிற்று. நீ நல்ல பையன்.
இவள் வீட்டாரிடம் நீயே போய்ச் சொல்."

யாரோ சிரித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, எம் நான்கு சாலையோரம்,
என் கொழுந்தன் தனபாலனின் கையில்
நான்தான் துண்டைக் கட்டினேன்.
"வலிக்குது அண்ணி" என்றான்.
தளர்த்தினேன்.

"இன்னொரு தடவை" என்றேன்.
ஏழாம் எண் பேசக் கூடாது;
ஆனால் யாரும் தடுக்கவில்லை.
கிரீசன் கையுறை மாற்றிக்கொண்டு மண்டியிட்டான்.
ஒன்று. ஒன்றரை. இரண்டு.
நடிக்க வேண்டியிருக்கவில்லை எனக்கு.
அவன் வியர்வை என் முழங்காலில் சொட்டியது.
"கத்துங்க ஆன்ட்டி, நல்லாக் கத்துங்க"
என்று கெஞ்சியது வாய்;
கை நிற்கவில்லை.
இரண்டரை.
குச்சி கொக்கிக்குள் போய் உட்கார்ந்தது.

ஷெஸியின் விரல்கள் மறுபடி என் பாதத்தில்.
அந்தப் பக்கம் ஓடிய குழாயைக்கூட
யாரோ மூடினார்கள்.
"ஒன்றுமில்லை" என்றாள்.
எத்தனையோ ஆஸ்பத்திரி வராந்தாக்களில்
கேட்டிருக்கிறேன் இந்தச் சொல்லை.
இப்படி ஒரு ஒன்றுமில்லையைக் கேட்டதில்லை.

கிரீசன் மார்க்கரின் மூடியைப் பல்லால் பிடுங்கி
என் நெற்றியில் எழுதினான்: 10:42.
எழுத்து கோணல்.

அவிழ்த்தபின் தொடையில் ஊதா வளையம்.
இரண்டு மணி நேரம் பட்டி தாங்கும்,
அதற்குள் ஆபரேஷன் மேசைக்குப் போக வேண்டும்
என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் ஷெஸி.
பன்னி சௌவைப் பொட்டலமாய் வாங்கிக்கொண்டேன்.
சோப்புக்குப் பாகு போயிற்று, எறும்பும் போயிற்று.
எண் போகவில்லை.

பஸ் நிறுத்தத்தில் கிரிக்கெட் மட்டையோடு ஒரு பையன்
என் நெற்றியை அண்ணாந்து படித்தான்.
"உங்க மணி தப்பு ஆன்ட்டி,
இப்போ பன்னிரண்டு பத்து."

சரிதான், என்றேன்.
இன்னும் முப்பத்திரண்டு நிமிடம் இருக்கிறது.